முடித்த கல்விக் கடன் நிலுவையில், எடுக்காத வண்டிக் கடன் என் பெயரில்: சிபில் அறிக்கையைத் திருத்துவது எப்படி?

பொருநை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் கிரயம் முடிப்பதாக ஒப்பந்தம் எழுதியிருக்கிறேன். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்த வங்கியில், என் சிபில் மதிப்பெண் 642-தான் என்றும், அறிக்கையில் பாக்கி காட்டுவதால் விண்ணப்பத்தை மேலிடத்துக்கு அனுப்ப இயலாது என்றும் மேலாளர் சொல்லிவிட்டார். ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் முழு அறிக்கையை இணையத்தில் எடுத்துப் பார்த்தபோது மூன்று பதிவுகள் தென்பட்டன.

முதலாவது, பொறியியல் படிப்புக்காக அப்பாவை இணைக் கடனாளியாகச் சேர்த்து ஓர் அரசுடைமை வங்கியில் வாங்கிய கல்விக் கடன். அந்த வங்கி பின்னர் வேறொரு வங்கியுடன் இணைக்கப்பட்டுவிட்டது. 2021-இல் கடன் முழுவதையும் அடைத்து, நிலுவை ஏதுமில்லை என்ற சான்றையும் வாங்கிவிட்டேன். ஆனால் அறிக்கையில் ரூ.18,450 பாக்கி என்று இருக்கிறது. தவணை தவறிய நாட்களைக் காட்டும் கட்டங்களில் எண் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது.

இரண்டாவது, நான் வாங்கவே வாங்காத ஓர் இருசக்கர வாகனக் கடன். ஒரு நிதி நிறுவனம் கொடுத்ததாக இருக்கிறது. நிலைமை என்ற இடத்தில் ‘ரைட் ஆஃப்’, அதாவது வசூலாகாது என்று கணக்கிலிருந்து தள்ளிய கடன் என்று போட்டிருக்கிறார்கள். நான் ஒரு நாளும் குடியிருந்திராத ஓசூர் முகவரி ஒன்றும் என் முகவரிகளுக்கு நடுவே இடம்பெற்றிருக்கிறது.

மூன்றாவது, 2019-இல் வேலை இல்லாமல் இருந்த காலத்தில், ஒரு கிரெடிட் கார்டு பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிக் கணக்கைப் பைசல் செய்தேன். அது ‘செட்டில்டு’ என்று இன்றும் நிற்கிறது.

ரூ.15,000 கொடுத்தால் மூன்றையும் நீக்கி, மதிப்பெண்ணை 750-க்கு மேல் கொண்டுவந்து தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். நான் முதலில் யாருக்கு எழுத வேண்டும், சிபிலுக்கா, வங்கிக்கா? முறையீடு செய்தால் மதிப்பெண் இன்னும் இறங்கிவிடும் என்று அலுவலக நண்பர்கள் அச்சுறுத்துகிறார்கள்; அது உண்மையா?

---

பேரேடு:

வங்கியில் கடன் பிரிவிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். முதலில் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதாலோ, ஒரு பதிவு தவறு என்று முறையிடுவதாலோ மதிப்பெண் குறையாது. முறையீடு நடப்பில் இருக்கும் வரை அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் ‘முறையீட்டில் உள்ளது’ என்ற குறிப்பு வரும், அவ்வளவுதான்.

யாருக்கு எழுதுவது என்பதற்கு, இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. சிபில் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. இவை எதுவும் உங்கள் கணக்கைத் தாமாகப் பார்த்து எழுதுவதில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரத்தைத்தான் பதிந்து வைக்கின்றன. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 21-ஆம் பிரிவில், தவறைத் திருத்தக் கோரும் உரிமையை உங்களுக்குக் கொடுத்து, 30 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அதே பிரிவு, கடன் கொடுத்த நிறுவனம் சரி என்று உறுதிசெய்த பிறகே அந்தத் திருத்தத்தைச் செய்யலாம் என்றும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே சிபில் இணையதளத்தில் மட்டும் முறையிட்டுவிட்டுக் காத்திருந்தால், அவர்கள் அதை வங்கிக்குத் தள்ளிவிடுவார்கள். வங்கியில் யாரோ ஒருவர், பழைய கோப்பைத் திறந்தே பார்க்காமல், ‘எங்கள் பதிவு சரியே’ என்று பதில் போட்டுவிட்டால் உங்கள் முறையீடு அத்துடன் மூடப்பட்டுவிடும். நிலுவையின்மைச் சான்றின் நகலுடன் வங்கிக்கும், அதே நாளில் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். இரண்டு இடத்திலும் முறையீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கிளையில் நேரில் கொடுத்தால், நகலில் தேதியுடன் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

உங்கள் பழைய வங்கி இணைக்கப்பட்டுவிட்டது என்பதால், அதன் கடமைகள் அனைத்தும் இணைத்துக்கொண்ட வங்கியைச் சேர்ந்தவை. அலகாபாத் வங்கியில் வாங்கிய கடனுக்கு 2020 ஏப்ரலுக்குப் பின் இந்தியன் வங்கியும், சிண்டிகேட் வங்கியில் வாங்கியதற்குக் கனரா வங்கியும் பொறுப்பாவதைப் போன்றதுதான் இது. ‘அது பழைய வங்கியின் விவகாரம்’ என்று கிளையில் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இணைப்பின்போது கணக்கு எண்கள் மாறியிருக்கும்; கடிதத்தில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள்.

இனி ஒரு நுணுக்கம். அறிக்கையில் ஒவ்வொரு கணக்கின் கீழும் கடன் தொடங்கிய தேதி, கடைசியாகப் பணம் கட்டிய தேதி, முடித்த தேதி, விவரம் தெரிவிக்கப்பட்ட தேதி என்று சில தேதிகள் இருக்கும். பெரும்பாலோர் பாக்கித் தொகையைப் பார்த்துவிட்டுப் படபடப்பில் இவற்றைக் கவனிப்பதில்லை. விவரம் தெரிவிக்கப்பட்ட தேதி 2021-க்கு முந்தையதாக இருந்தால், கடனை முடித்த செய்தியை வங்கி அனுப்பவே இல்லை, பழைய விவரம் அப்படியே உறைந்து நிற்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்வது எளிது. அது சென்ற மாதத் தேதியாக இருந்தால், வங்கியின் கணினியில் அந்தக் கணக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது, அதில் ரூ.18,450 உண்மையாகவே பற்றாக நிற்கிறது. தவறிய நாட்கள் ஏறிக்கொண்டே போவதாக நீங்கள் சொல்வதால் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அப்படியானால், திருத்தம் கேட்பதற்கு முன், கடன் தொடங்கிய நாள் முதல் இன்று வரையிலான முழுக் கணக்கு அறிக்கையை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். கல்விக் கடனில் வட்டி மானியம் தாமதமாக வந்ததோ, கணக்கை முடிக்கும்போது கடைசி மாத வட்டியைச் சேர்க்காமல் தொகை சொன்னதோ, இப்படிப்பட்ட எச்சத்தை விட்டுவைப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

---

காவிரிக்கரை:

வாகனக் கடனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் தம்பிக்கு இதே சிக்கல் வந்து, அலைந்து தீர்த்தோம்.

இதில் இரண்டு சாத்தியங்கள் இருக்கின்றன. ஒன்று, வேறொருவருடைய கடன் பெயர்க் குழப்பத்தால் உங்கள் கோப்பில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மற்றொன்று, உங்கள் ஆவணங்களைப் பயன்படுத்தி யாரோ கடன் வாங்கியிருக்கலாம். எது என்று தெரிந்துகொண்டால்தான் வழி புலப்படும்.

பெயர்க் குழப்பம் நம்மவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே நேர்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். விண்ணப்பப் படிவமோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கிறது. ஒரே ஆள் ஓரிடத்தில் மு. செல்வம், இன்னோரிடத்தில் செல்வம் முருகன், மூன்றாவதில் முருகன் செல்வம் என்று ஆகிவிடுகிறார். பான் அட்டையில் தலைப்பெழுத்தை விரித்து எழுதியாக வேண்டும் என்பதால் அதிலே ஒரு வடிவம், ஆதாரில் ஒரு வடிவம். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிற இன்னொருவர், கடன் வாங்கும்போது பான் எண்ணைக் கொடுக்காமலோ தவறாகக் கொடுத்தோ இருந்தால், இருவர் விவரமும் ஒரே கோப்பில் சேர வாய்ப்பு உண்டு. என் தம்பிக்கு நேர்ந்தது அதுவே. அறிக்கையின் தொடக்கத்தில் அடையாள விவரம் என்ற பகுதியில், அவனுடைய பான் எண்ணுக்குக் கீழே அவன் கண்டே இராத ஒரு வாக்காளர் அட்டை எண் இருந்தது. கடனும் அந்த அட்டையை வைத்துத்தான் வாங்கப்பட்டிருந்தது.

ஆகவே உங்கள் அறிக்கையில் அந்த அடையாளப் பகுதியையும், கடைசியில் வரும் விசாரணைப் பகுதியையும் பாருங்கள். எந்த நிறுவனம் எந்தத் தேதியில் உங்கள் அறிக்கையைக் கேட்டது என்பது அங்கே இருக்கும். வாகனக் கடன் தொடங்கியதற்குச் சில நாள் முன்னால் அந்த நிதி நிறுவனம் உங்கள் பான் எண்ணை வைத்து விசாரித்திருந்தால், ஆவண மோசடியாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. அப்போது 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து, அதன் ரசீதையும் இணைக்க வேண்டும்.

நிதி நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் ‘இது என் கடன் அல்ல, நீக்குங்கள்’ என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. கடன் விண்ணப்பம், அதிலுள்ள நிழற்படம், கையொப்பம், அடையாளச் சான்று, வண்டியின் பதிவு எண், தவணை எந்த வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டது என்ற விவரம் ஆகியவற்றைக் கேளுங்கள். என் தம்பி விஷயத்தில், விண்ணப்பத்திலிருந்த நிழற்படத்தை எடுத்துப் பார்த்த பிறகு அந்த நிறுவனம் பேச்சை மாற்றிக்கொண்டது. கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில் முறையிடும்போது, தொகை தவறு என்ற பிரிவைத் தேர்ந்தெடுக்காமல், கணக்கு என்னுடையது அல்ல என்ற பிரிவைத் தேர்ந்தெடுங்கள். ஓசூர் முகவரியையும் நீக்கக் கோருங்கள். அதை விட்டுவைத்தால் அதே ஆளின் அடுத்த கடனும் உங்களிடமே வந்து சேரலாம்.

---

வைகைப்பாலம்:

கல்விக் கடனைப் பொறுத்தவரை நான் மாறுபடுகிறேன். கிரயத்துக்கு மூன்று மாதமே இருக்கும்போது ரூ.18,450-க்காக வாதாடிக்கொண்டிருப்பது எந்த வகையில் சிக்கனம்? கட்டிவிட்டுக் கணக்கை மூடச் சொல்லுங்கள். முன்பணம் போனால் இழப்பு அதைவிடப் பல மடங்கு.

முகவரைப் பற்றி: அவர் செய்யப்போவது, நீங்கள் இலவசமாகச் செய்யக்கூடிய அதே முறையீட்டை உங்கள் பெயரில் பதிவதுதான். அதற்காக உங்கள் பான், ஆதார், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் எல்லாவற்றையும் கேட்பார். ஏற்கெனவே உங்கள் பெயரில் ஒரு கடன் முளைத்திருக்கும்போது இது தேவைதானா?

கிரெடிட் கார்டு பதிவு கசப்பாக இருந்தாலும் தவறு அல்ல. பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டுத்தான் அந்த வங்கி கணக்கை முடித்தது, அதைத்தான் எழுதியிருக்கிறது. அதை முறையீட்டில் சேர்த்தால் நிராகரிக்கப்படும்.

---

பேரேடு:

வைகைப்பாலம் அவர்கள் கிரெடிட் கார்டைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. அன்று விட்டுக்கொடுக்கப்பட்ட தொகையைக் கட்டிவிடுவதாக அந்த வங்கிக்கு எழுதி, அவர்கள் ஒப்புக்கொண்டு முழுமையாக முடிந்ததாகச் சான்று கொடுத்தால், நிலைமையை ‘முடிக்கப்பட்டது’ என்று மாற்றி அனுப்ப இயலும். அது நீங்கள் பேசிப் பெற வேண்டியது. தவறைத் திருத்தும் உரிமையின் கீழ் வராது.

கல்விக் கடனை உடனே கட்டிவிடுங்கள் என்பதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. கட்டினால் பாக்கி பூஜ்யமாகும்; ஆனால் இத்தனை மாதமாக ஏறிய தவறிய நாட்கள் அப்படியே இருக்கும், ஏனெனில் பாக்கி உண்மைதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சிபில் அறிக்கையில் 36 மாத வரலாறு காட்டப்படுகிறது; வீட்டுக் கடன் கொடுப்பவர் பாக்கியை மட்டும் பார்ப்பதில்லை, அந்தக் கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வங்கியே சான்று கொடுத்துவிட்டுப் பின்னால் பாக்கி காட்டியிருப்பதால், சான்று கொடுத்த தேதியை முடித்த தேதியாகப் பதிந்து, அதற்குப் பிந்தைய தவறிய நாட்கள் அனைத்தையும் நீக்க வேண்டும் என்றுதான் கோர வேண்டும். காலம் நெருக்கி, கட்டியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், சான்றைச் சுட்டிக்காட்டி, எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள்.

காலக்கெடுவைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 26-இல் வெளியிட்டு, ஆறு மாதம் கழித்து நடைமுறைக்கு வந்த ஓர் ஏற்பாடு உங்களுக்கு உதவும். முறையிட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு தர வேண்டும். திருத்திய விவரத்தை 21 நாட்களுக்குள் வங்கி அனுப்பாமல் இருந்தால் வங்கி தர வேண்டும். வங்கி அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் தாமதித்தால் அந்த நிறுவனம் தர வேண்டும். தொகை பெரியது அல்ல என்றாலும், நாள்கணக்கு ஓடுகிறது என்பது தெரிந்தால் கோப்பு நகரும். இதற்காகத்தான் முறையீட்டு எண்ணையும் தேதியையும் வற்புறுத்தினேன். கோரிக்கையை நிராகரித்தாலும் காரணத்தை எழுத்தில் சொல்லியாக வேண்டும். ஆனால் மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற சச்சரவுக்கு இந்த இழப்பீடு கிடையாது. பதிவிலுள்ள தவறுக்கு மட்டும்தான்.

---

பொருநை:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பேரேடு ஐயா சொன்னபடி பார்த்ததில், கல்விக் கடன் விவரம் தெரிவிக்கப்பட்ட தேதி சென்ற மாதமாகவே இருக்கிறது. முழுக் கணக்கு அறிக்கையையும் வங்கியில் வாங்கிவிட்டேன். நான் கடனை முடித்து இரண்டு வாரம் கழித்து, இணைப்பின்போது விடுபட்ட வட்டி என்று ரூ.11,000-க்குச் சற்று மேல் பற்று எழுதியிருக்கிறார்கள். மீதியெல்லாம் அதன் மேல் ஏறிய வட்டியும் அபராதமும். எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை.

வாகனக் கடன் தொடர்பாக என் பான் எண்ணில் எந்த விசாரணையும் பதிவாகவில்லை; அடையாளப் பகுதியில் எனக்குத் தெரியாத ஓர் ஓட்டுநர் உரிம எண் இருக்கிறது. ஆகவே காவிரிக்கரை அவர்கள் சொன்ன கோப்புக் குழப்பம்தான் என்று தோன்றுகிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். சிபிலில் திருத்தினால் மற்ற மூன்று நிறுவனங்களிலும் தானாகத் திருந்திவிடுமா? அதுவரை வீட்டுக் கடன் விண்ணப்பத்தை என்ன செய்வது?

---

பேரேடு:

இரண்டு தவறும் இரண்டு வகை என்பதால் விடையும் இரண்டு. கல்விக் கடனில் தவறு வங்கியின் பேரேட்டிலேயே இருக்கிறது. எல்லாக் கடன் நிறுவனங்களும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே வங்கி திருத்தினால் நான்குக்கும் அனுப்ப வேண்டும், உங்கள் கடிதத்தில் நான்கின் பெயரையும் எழுதி அதை வெளிப்படையாகக் கேளுங்கள். வாகனக் கடன் அப்படி அல்ல. நிதி நிறுவனம் அனுப்பிய விவரம் அதனளவில் சரியாக இருந்து, கடன் தகவல் நிறுவனம் அதைத் தவறான ஆளுடன் பொருத்தியிருக்கலாம். அந்தக் குழப்பம் ஒன்றில் இருந்து மற்றவற்றில் இல்லாமலும் போகலாம். மற்ற மூன்றும்கூட ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், எடுத்துப் பாருங்கள்.

வீட்டுக் கடன் மேலாளரிடம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லாதீர்கள். வேறு வங்கிகளில் வரிசையாக விண்ணப்பிக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு விசாரணையாகப் பதிவாகி, கடனுக்கு அலைபவர் என்ற தோற்றத்தைத் தரும். நிலுவையின்மைச் சான்று, அதற்குப் பிறகு பற்று எழுதப்பட்ட பக்கம், முறையீட்டு எண்கள் ஆகியவற்றை ஒரு விளக்கக் கடிதத்துடன் கொடுத்து, விண்ணப்பத்தை நிலுவையில் வைக்கக் கேளுங்கள். பழைய வங்கியிலிருந்து ‘கணக்கு முடிந்தது, திருத்தம் அனுப்பப்பட்டது’ என்று ஒரு கடிதம் வந்தால், புதிய அறிக்கை வருவதற்கு முன்பே அதை ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் மேல்நிலை அலுவலர்களுக்கு உண்டு. பயன்படுத்துவார்களா என்பது ஆளைப் பொறுத்தது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதம் குறைந்தது இரு முறை விவரம் அனுப்ப வேண்டியிருப்பதால், முன்பு போல மாதக் கணக்கில் காத்திருக்க நேராது.

விற்பவரிடம் நிலைமையைச் சொல்லி, ஒப்பந்தக் கெடுவை நீட்டிப்பதாக எழுத்தில் ஓர் ஒப்புதலை இப்போதே கேட்டுப் பாருங்கள். கெடு முடியும் வாரத்தில் கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

---

காவிரிக்கரை:

ஒன்று விட்டுப்போனது. கல்விக் கடனில் அப்பா இணைக் கடனாளி என்பதால், அதே பாக்கியும் தவறிய நாட்களும் அவருடைய அறிக்கையிலும் இருக்கும். அவர் நகைக் கடனோ பயிர்க் கடனோ வாங்கப் போனால் அங்கேயும் இடிக்கும். அவர் பான் எண்ணைக் குறிப்பிட்டு, அவர் கையொப்பத்துடன் தனிக் கடிதம் கொடுங்கள்; உங்கள் முறையீட்டில் அவருடைய கோப்பு தானாகச் சேராது.

30 நாள் கடந்தும் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவே கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. புகாரைச் சுருக்கமாக எழுதுங்கள்: எந்தப் பதிவு தவறு, எந்த ஆவணம் அதைக் காட்டுகிறது, எந்தத் தேதியில் யாரிடம் முறையிட்டீர்கள். வீட்டுக் கடன் கொடுக்க மறுத்தது அநியாயம் என்பதை அதில் கலக்காதீர்கள். கடன் கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் வணிக முடிவு என்பதால் அது குறைதீர்ப்பாளரின் வரம்புக்கு வெளியே உள்ளது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழுப் புகாரையும் மூடிவிடக்கூடும்.